காத்திருப்பவளின் பாட்டு: ஜப்பானியக் கள்ளக்காதல் பாடல்களின் நூறாண்டு

1984, 1985, 1986 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அனைத்து ஜப்பான் கேபிள் ஒலிபரப்புப் பரிசு ஒரே பாடகிக்குப் போனது. தைவானில் பிறந்த டெரசா டெங். மூன்று பாட்டுக்கும் வரிகள் அராகி தொயோஹிசா, மெட்டு மிகி தகாஷி. முதலாவது ‘த்சுகுநாய்’, அதாவது பரிகாரம். அவனோடு வாழ்ந்த அறையைக் காலிசெய்துவிட்டுப் போகிற ஒருத்தி பாடுவது. இரண்டாவதற்குத் தலைப்பே ‘ஐஜின்’, ஆசைநாயகி. இப்படியே இருந்துவிடுகிறேன், வருகிறபோது வா என்று அறைக்குள் காத்திருக்கிறவளின் பாட்டு. மூன்றாவதான ‘தோகி நோ நாகாரே நி மி ஓ மகாசே’ பாட்டில் வேறொரு குடும்பம் என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் முந்தைய இரண்டையும் கேட்டுப் பழகிய காது அதையும் அதே வரிசையில்தான் வைத்துக்கொண்டது.

‘ஐஜின்’ பாடித்தான் 1985ஆம் ஆண்டின் கடைசி இரவில் அவர் என்.எச்.கே. தொலைக்காட்சியின் ‘கோஹாகு’ மேடையில் முதன்முறையாக ஏறினார். தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஒன்றாக உட்கார்ந்து புத்தாண்டுக்காகக் காத்திருக்கும்போது பார்க்கிற நிகழ்ச்சி அது. அங்கே ஒரு சின்ன வீட்டுப் பெண்ணின் ஏக்கத்தை அரசு சார்ந்த ஒலிபரப்பு நிறுவனமே தூக்கி வைத்தது.

வெளியே தெரிந்தால் வேலையும் பேரும் போய்விடும் என்று பயப்படுகிற ஒரு விஷயத்தை ஊரே கூடி மைக் பிடித்துப் பாடுவது எப்படி? இரட்டை வேடம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது வசவுதான், விளக்கம் ஆகாது. இந்தப் பாடல்களுக்கு உருவம் கொடுத்ததில் காதலைவிட, அவை கேட்கப்பட்ட இடத்துக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் வாதம். நாடக அரங்கு, மதுக்கூடம், வீட்டுக் கூடம் என்று இடம் மாற மாறப் பாட்டில் பேசுகிறவர் மாறினார். பழி யார் தலையில் விழுகிறது என்பதும் மாறியது.

ஜப்பானிய வெகுஜனப் பாட்டின் பிறப்பிலேயே இந்தக் களவு உண்டு. நாடெங்கும் பரவிய முதல் நவீனப் பாட்டு என்று பலரும் சொல்வது 1914இன் ‘கச்சூஷா நோ உதா’. டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலை நாடகமாக்கியபோது நாயகி மட்சுயி சுமாகோ மேடையில் பாடியது. நாடகத்தை இயக்கிய ஷிமாமுரா ஹோகெட்சு வாசேதா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். மனைவி மக்கள் உள்ளவர். சுமாகோவோடு அவருக்கிருந்த உறவு வெளியே வந்ததும் சுமாகோ பழைய நாடகக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். ஹோகெட்சு வேலையை விட்டார். இருவரும் சேர்ந்து 1913இல் தொடங்கிய ‘கெய்ஜுட்சுசா’ குழுதான் இந்த நாடகத்தைப் போட்டது. மெட்டமைத்த நாகாயாமா ஷிம்பெய், ஹோகெட்சுவின் வீட்டிலேயே தங்கிப் படித்த மாணவர். 1918 நவம்பர் 5 அன்று ஹோகெட்சு ஸ்பானிய காய்ச்சலில் இறந்தார். சரியாக இரண்டு மாதம் கழித்து, 1919 ஜனவரி 5 அன்று, சுமாகோ உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய கல்லறையிலேயே தன்னையும் புதைக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்திருந்தார். அது நடக்கவில்லை. ஊர் இந்தப் பெண்ணைத் தூற்றிக்கொண்டே அவர் பாட்டை முணுமுணுத்தது. இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்தச் சூத்திரத்தின் தொடர்ச்சிதான்.

இதே குழு 1913இல் நடத்திய இசை நிகழ்ச்சிக்காகக் கவிஞர் கிதாஹாரா ஹகுஷூவிடம் ஒரு பாட்டு கேட்டது. ஹகுஷூ அதற்கு முந்தைய ஆண்டுதான் சிறைக்குப் போய் வந்திருந்தார். குற்றம், பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியோடு தொடர்பு. 1907ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 183ஆம் பிரிவுப்படி, கணவன் புகார் கொடுத்தால் மனைவிக்கும் அவளோடு கூடியவனுக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை. மணமான ஆண் மணமாகாத பெண்ணிடம் போனால் குற்றமே இல்லை. பணம் கொடுத்து வழக்கு சமரசமாகி, ஹகுஷூ பிற்பாடு அந்தப் பெண்ணையே மணந்து, மியூரா முனையில் கடலைப் பார்த்த வீட்டில் குடியேறினார். எதிரே ஜோகாஷிமா தீவு. அவர் எழுதிக் கொடுத்த ‘ஜோகாஷிமா நோ ஆமே’ பாட்டில் மழை இருக்கிறது, அழுகை இருக்கிறது, நனைந்த பாயோடு போகும் படகு இருக்கிறது. வழக்கைப் பற்றியோ சிறையைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது. மழையும் படகும் பேசிக்கொள்ளட்டும், நான் வாய் திறக்க மாட்டேன் என்கிற இந்தத் தந்திரத்தைப் பின்னால் வந்த பாட்டாசிரியர்கள் எல்லோரும் கடன் வாங்கினார்கள்.

1934இல் இசைத்தட்டுகளும் அரசுத் தணிக்கைக்குள் வந்தன. 1936இல் வாதானாபே ஹமாகோவின் ‘வாசுரேச்சா இயா யோ’ தட்டின் விற்பனையை உள்துறை அமைச்சகம் நிறுத்தியது. மறந்துவிடாதே என்று சொல்லும் சாதாரணமான வரிகள்தான். அதிகாரிகளுக்கு உறுத்தியது அந்தக் குரலிலிருந்த கொஞ்சல். போர்க்காலம் முழுக்க இப்படியே கழிந்தது.

1947இல் 183ஆம் பிரிவு நீக்கப்பட்டது. ஆணும் பெண்ணும் சமம் என்று புதிய அரசியலமைப்பு சொன்ன பிறகு, மனைவியை மட்டும் தண்டிக்கும் பிரிவு நிற்க முடியவில்லை. அடுத்த ஆண்டே ‘யூ நோ மாச்சி எரெஜி’ வந்தது தற்செயலாகவே இருக்கலாம். கோகா மசாவோவின் மெட்டில் ஓமி தோஷிரோ பாடியது. இசூ தீபகற்பத்தின் வெந்நீரூற்று ஊர் ஒன்றில் கிதார் மீட்டித் திரிகிறான் ஒருவன். முதல் காதலி அதே ஊரில் இன்னொருவன் மனைவியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறான். பார்த்தாலும் நாலு பேர் அறியப் பேச முடியாது. பாட்டாவது காதில் விழட்டும் என்கிறான். சட்டம் போய்விட்டது, வாய்ப்பூட்டு போகவில்லை. 1960இல் ஜப்பான் ரெக்கார்ட் பரிசை வென்ற ‘தாரே யோரி மோ கிமி ஓ ஐசு’ பாட்டிலும், மட்சுவோ கஸுகோவும் மஹினா ஸ்டார்ஸ் குழுவும் யாருக்கும் சொல்லாத ஓர் உறுதிமொழியைத்தான் பாடினார்கள்.

அதற்குப் பிறகு பாட்டு மதுக்கூடத்துக்குக் குடிபெயர்ந்தது. இங்கேதான் சற்று நிற்க வேண்டும்.

‘யூசென்’ என்ற கம்பிவழி ஒலிபரப்பு நிலையத்திலிருந்து கம்பி கம்பியாக இழுத்து ஊரிலுள்ள மதுக்கூடங்களுக்குப் பாட்டு அனுப்புவார்கள். அங்கே பரிமாறும் பெண்ணோ கடைக்கார அம்மாவோ தொலைபேசியில் கூப்பிட்டு இன்ன பாட்டைப் போடுங்கள் என்று கேட்கலாம். அந்தக் கோரிக்கைகளை எண்ணித்தான் தரவரிசை வரும். தொடக்கத்தில் சொன்ன கேபிள் பரிசுக்கும் அதுதான் அடிப்படை. ஆக, ஒரு பாட்டு ஓடுமா ஓடாதா என்று முதலில் தீர்ப்பு சொன்னது இரவுத் தொழிலில் இருந்த பெண்கள். அவர்கள் எதிரே கண்ணாடிக் குவளையோடு உட்கார்ந்திருந்தது, கல்யாணமாகி, அலுவலகச் செலவில் குடிக்கிற நடுவயது ஆண். 1971இல் கோபே நகரத்து வாத்தியக்காரர் இனோவே டைசுகே கரோக்கே பெட்டியைச் செய்து கடைகளுக்கு வாடகைக்கு விட்ட பிறகு அந்த ஆளே எழுந்து பாடவும் தொடங்கினான்.

என்ன பாட வேண்டும், என்ன கேட்க வேண்டும் அவனுக்கு? அவள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கல்யாணம் எப்போது என்று கேட்கக் கூடாது. வீட்டுக்கு எட்டிப் பார்க்கக் கூடாது. அழலாம், ஆனால் சத்தம் வரக் கூடாது. இந்தப் பட்டியலுக்கு ஏற்ப அளவெடுத்துத் தைத்தவைதான் எழுபதுகளில் வந்த, ‘என்கா’ என்ற ஏக்கப் பாட்டு வகையில் பாதி. எழுதியவர்களும் பெரும்பாலும் ஆண்கள். அகு யூ எழுதி மியாகோ ஹருமி பாடிய ‘கிதா நோ யாடோ காரா’ 1976இல் ரெக்கார்ட் பரிசு வாங்கியது. வடக்கே ஒரு விடுதியில் தங்கி, அவன் இனி ஒருபோதும் போட்டுக்கொள்ளப் போவதில்லை என்று தெரிந்தே ஸ்வெட்டர் பின்னுகிறாள். ஆண் பாடகர்களே பெண் குரலில் நின்று ‘நான் உனக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற தோரணையில் பாடுவதும் என்காவில் சகஜம். தனக்கு வேண்டிய சமாதானத்தைத் தன் வாயாலேயே, அவளுடைய குரலில், தனக்குச் சொல்லிக்கொள்கிறான். கொஞ்சம் கூசும் ஏற்பாடுதான். ஆனால் மெட்டுகள் நன்றாக இருந்து தொலைக்கின்றன.

அந்தக் காத்திருப்புக்குப் பின்னால் சட்டமும் நின்றது. 1952இல், வேறொரு பெண்ணோடு போய்விட்ட கணவன் விவாகரத்துக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனான். தவறு செய்தவனே விவாகரத்தும் கேட்டால், மிதிபட்ட மனைவிக்கு உதையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும் என்று நீதிமன்றம் மறுத்தது. மனைவி சம்மதிக்காவிட்டால் அவனுக்கு வழியில்லை என்ற நிலை 1987 செப்டம்பர் வரை இருந்தது. அப்போதுதான் நீண்ட காலப் பிரிவு, வயது வராத பிள்ளைகள் இல்லாமை போன்ற நிபந்தனைகளோடு அதே நீதிமன்றம் பழைய நிலையைத் தளர்த்தியது. டெரசா டெங்கின் மூன்று பாட்டுகளும் வந்தது அந்தத் தீர்ப்புக்குச் சற்று முன்னால். ‘ஐஜின்’ பாட்டில் வருகிறவள் ஏன் இப்படியே இருக்கிறேன் என்கிறாள்? தியாகம் என்று ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். வேறு வழியில்லை என்பதும் பாதிக் காரணமாக இருந்திருக்கும்.

மதுக்கூடத்துப் பாட்டுகளில் எல்லாமே அழுகை இல்லை. 1982இல் ஹிரோஷியும் கிபோவும் பாடிய ‘சான்-நென்-மே நோ உவாகி’ (மூன்றாம் ஆண்டுக் கள்ளத்தொடர்பு) பக்கா நகைச்சுவை. ஒரு தடவைதானே, கண்டுகொள்ளாமல் விடக் கூடாதா என்று கணவன் கெஞ்சுவான். மனைவி வரிக்கு வரி திருப்பிக் கொடுப்பாள். அதே ஆண்டு ஓகாவா எய்சாகுவின் ‘சாசான்கா நோ யாடோ’ வந்தது. மாற்றான் மனைவியைக் காதலிக்கிறவனின் புலம்பல், பெரிய வெற்றி. அடுத்த ஆண்டு ஹோசோகாவா தகாஷிக்கு ரெக்கார்ட் பரிசு வாங்கித் தந்த ‘யாகிரி நோ வாதாஷி’ உடன்போக்குப் பாட்டு. பெற்றோரை மீறிய இருவர் எடோ ஆற்றைப் படகில் கடக்கிறார்கள். 1976இல் சியாகி நவோமி இதைப் பாடியபோது தட்டின் பின்பக்கத்தில் கிடந்தது. இன்றும் கேட்டுப் பார்த்தால் அவருடையதில்தான் ஆற்றின் குளிர் இருக்கிறது. ஹோசோகாவாவின் குரலில் கரைக்கு வந்துவிட்ட நிம்மதி முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

இந்தக் கூட்டத்துக்குள் தனியாக நிற்பது 1973இல் கனாய் கட்சுகோ பாடிய ‘தானின் நோ கான்கேய்’. இரவில் காதலர்கள், பிரிந்ததும் யாரோ எவரோ. மறுபடி பார்த்தால் புதிதாகப் பார்ப்பதுபோல் நடிப்பார்கள். அந்தப் பெண் அழவில்லை, காத்திருக்கவும் இல்லை. கனாய் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், கைகளை மட்டும் கடிகார பொம்மைபோல மடக்கி நீட்டி ஆடினார். வரிகளை எழுதியது அரிமா மியேகோ என்ற பெண். பார்வையாளர்கள் அந்தக் கையசைவைப் பார்த்துச் சிரித்தார்கள்; பாட்டு சொன்னதைக் கவனித்தார்களா என்பது வேறு கேள்வி.

ஆண் எழுதிய விதிவிலக்கு ஒன்று உண்டு, அது மிகப் பெரிய விதிவிலக்கு. 1986, இஷிகாவா சயூரியின் ‘அமாகி-கோயெ’. வரிகள் யோஷியோகா ஒசாமு. சாசான்கா பாட்டை எழுதிய அதே ஆள். மெட்டு கென் டெட்சுயா. அவனுடைய உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு வாசனையில் பாட்டு தொடங்குகிறது. அவனைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பதைவிடக் கொலையே மேல் என்ற எண்ணத்தை அவள் வாய்விட்டுச் சொல்கிறாள். சொல்லிவிட்டு அடங்கவும் இல்லை. விடுதி, வளைந்து வளைந்து ஏறும் பாதை, ஜோரென் அருவி, வசாபி வயல், கான்டென் பாலம், மலைச் சுரங்கம் என்று பாட்டு மேலே ஏறிக்கொண்டே போகிறது. எல்லாம் இசூவில் உள்ள நிஜமான இடங்கள். ஜோரென் அருவியின் அருகே பாட்டைப் பொறித்த கல்லும் இருக்கிறது. பழைய அமாகி சுரங்கம் 1905இல் திறந்த கல் சுரங்கம், கவபாட்டாவின் ‘இசூ நாட்டியக்காரி’ கதையில் மாணவன் நடந்து கடந்த அதே இடம். தோக்கியோவிலிருந்து இசூவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேர ரயில் பயணம். ஓர் இரவு யாருக்கும் தெரியாமல் போய்வர வசதியான தூரம். 1948இன் கிதார்காரன் கீழே தெருவில் நின்று பாட்டாவது கேட்கட்டும் என்று ஏங்கிய அதே தீபகற்பத்தில், இவள் மலையே பற்றி எரிந்தாலும் கடந்துதான் தீருவேன் என்கிறாள்.

மெட்டும் அதற்கேற்றது. சரணத்தில் ஊரைக் கூட்டாத குரலில் பேசிக்கொண்டே வந்து, இடங்களின் பெயர்களைச் சொல்லும்போது ஏறத் தொடங்கி, உச்சத்தில் தொண்டையைத் திறந்துவிடுகிறது. இஷிகாவா மேடையில் அந்த இடத்தில் கையை மெல்லத்தான் தூக்குவார். கிமோனோ குலையாது, கண் மட்டும் மாறும். சியாட்டிலில் ஆடிய பேஸ்பால் வீரர் இச்சிரோ, மட்டை வீச வரும்போது ஒலிக்கும் பாட்டாக 2008இல் இதைத்தான் வைத்துக்கொண்டார். எதிரணி வீசுபவருக்கு ஜப்பானிய மொழி தெரிந்திருந்தால் கொஞ்சம் கலங்கியிருப்பார்.

இந்தச் சமயத்தில் பாட்டு மதுக்கூடத்தைவிட்டு வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. 1983இல் டி.பி.எஸ். தொலைக்காட்சி வெள்ளிக்கிழமை இரவுகளில் புறநகர்க் குடும்பங்களின் கள்ளத்தொடர்புகளைப் பற்றி ஒரு தொடர் போட்டது. ‘கின்த்சுமா’ என்று சுருக்கிச் சொல்வார்கள். புது வீடு, கார், நண்பர் குடும்பங்களோடு விருந்து. அதற்கு நடுவே ஒருவர் மனைவி இன்னொருவர் கணவனோடு. பார்த்தது இல்லத்தரசிகள். 1985இல் வந்த மூன்றாம் பாகத்தின் முகப்புப் பாட்டு ‘கோய் நி ஒசிதே’. மெட்டமைத்துப் பாடியது கோபயாஷி அகிகோ, வரிகள் யுகாவா ரெய்கோ, இருவரும் பெண்கள். வார இறுதி அவளுக்குக் கிடையாது. சனி இரவும் ஞாயிறும் அவனுடைய வீட்டுக்குச் சொந்தம். எண்ணைச் சுழற்றிக்கொண்டிருக்கும் விரல் பாதியில் நின்றுவிடுகிறது. மறுமுனையில் மனைவி எடுத்தால்? வட்டத் தட்டைச் சுழற்றும் தொலைபேசியில் ஒவ்வோர் எண்ணுக்கும் தட்டு திரும்பி வரும்வரை ஒரு கணம் காத்திருக்க வேண்டும். மனசாட்சி உள்ளே நுழைய அந்தக் கணம் போதும். இன்றைய கைப்பேசியில் இந்தப் பாட்டை எழுதவே முடியாது.

இதிலும் மனைவி தொலைபேசியின் அந்தப் பக்கம் மௌனமாகத்தான் இருக்கிறாள். 1720களின் தொடக்கத்தில் நாடகாசிரியர் சிகாமட்சு எழுதிய அமிஜிமா பொம்மலாட்டத்தில் அப்படி இல்லை. காகித வியாபாரி ஜிஹெய் ஒரு கணிகைமேல் உயிரை வைத்திருக்கிறான். அவள் செத்துவிடுவாளோ என்று பயந்து, அவளை மீட்கத் தன் துணிகளையும் பிள்ளைகளின் துணிகளையும் எடுத்து அடகு வைக்க முன்வருவது அவனுடைய மனைவி ஓசான். கதையின் கனம் முழுக்க அவள் தோளில். இருநூற்றைம்பது ஆண்டு கழித்து வந்த பாட்டுகளில் ஓசானைக் காணவில்லை. கைவிடப்பட்டவள் தனக்காகப் பேசிய பாட்டு எனக்குத் தெரிந்து சிலவே. அவற்றில் தகேவுச்சி மரியா 1989இல் எழுதி, மெட்டமைத்துப் பாடிய ‘சிங்கிள் அகெய்ன்’ முக்கியமானது. தன்னை விட்டுப் போனவன், யாருக்காகப் போனானோ அவளையும் பிரிந்துவிட்டான் என்று கேள்விப்படுகிறாள். சந்தோஷப்படவில்லை. இப்போதுதான் உண்மையாகவே விடைகொடுக்க முடிகிறது என்று நிதானமாகச் சொல்கிறாள். கொலைக் கதைகள் ஓடும் செவ்வாய்க்கிழமைத் தொலைக்காட்சி நாடகங்களின் முடிவில் ஒலித்த பாட்டு இது.

சிகாமட்சுவின் காதலர்கள் சேர்ந்தே சாவார்கள். அந்த நாடகங்களைப் பார்த்து நிஜத்தில் சாவுகள் பெருகியதால் 1723இல் ஷோகுன் அரசு அப்படிப்பட்ட நாடகங்களையே தடை செய்தது. பாட்டுகளில் அந்த நிழல் விட்டபாடில்லை. உலகம் தோற்கடித்துவிட்ட இருவர் பாடும் ‘ஷோவா காரெ-சுசுகி’ 1975இல் ஓரிகன் என்ற இசைத்தட்டு விற்பனைத் தரவரிசையின் ஆண்டுப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. 1997இல் வாதானாபே ஜுன்இச்சியின் ‘ஷித்சுராகுஎன்’ நாவல் படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் வந்து, தலைப்பே அந்த ஆண்டின் சிறந்த புதுச்சொல்லுக்கான பரிசைப் பெற்றது. மணமான இருவர், கடைசியில் சேர்ந்து சாவு. நாவல் முதலில் தொடராக வந்தது நிஹோன் கெய்சாய் என்ற வணிக நாளிதழில். மதுக்கூடத்தில் ‘ஐஜின்’ கேட்ட அதே ஆட்கள் காலை ரயிலில் பங்குச் சந்தை நிலவரத்தோடு சேர்த்துப் படித்தார்கள். தொலைக்காட்சித் தொடருக்கு சார்ட் குழு தந்த ‘எய்என்’ பாட்டு என் காதுக்கு அந்தக் கதையின் முன்னால் மிக மென்மையாகப் படுகிறது. அதைவிட, ஆசிரியருக்கும் மாணவிக்கும் இடையிலான உறவைப் பற்றிய 1993ஆம் ஆண்டுத் தொடர் ‘கோகோ கியோஷி’, மோரிதா டோஜியின் 1976ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றைத் தேடியெடுத்து முகப்பில் வைத்தது பொருத்தமான தேர்வு. ஒலி குறைந்த, மூச்சு மட்டுமே இருப்பது போன்ற அந்தக் குரலுக்குக் குற்றமும் தெரியும், பலவீனமும் தெரியும்.

விலக்கப்பட்ட காதல் என்றால் கல்யாணத்துக்கு வெளியே இருப்பது மட்டுமல்ல. 2006இல் நாகாமுரா அதாரு ‘தோமோதாச்சி நோ உதா’ (நட்பின் பாட்டு) வெளியிட்டார். ஆணாகப் பதிவாகிப் பிறந்த திருநங்கைப் பாடகி. இந்தப் பாட்டைப் பதினைந்து வயதில் எழுதியவர். கைகோத்து நடப்பதுகூட அதிகம், நண்பர் என்ற இடமே போதும் என்று காதலை நட்புக்குள் ஒளித்து வைக்கிற பாட்டு. 2007 கோஹாகுவில் அவர் பெண்கள் அணியான சிவப்பு அணியில் நின்று இதைப் பாடினார். இந்த வரிசையிலேயே உண்மையான ரகசியம் இந்தப் பாட்டில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். மற்ற பாட்டுகளில் ஊருக்குத் தெரியாதது காதலனுக்குத் தெரியும். இதில் அவனுக்கே தெரியாது.

2014இல் ஃபுஜி தொலைக்காட்சியின் ‘ஹிருகாவோ’, பகல் நேரத்துக் கள்ளத்தொடர்பில் விழும் இல்லத்தரசிகளைப் பற்றிய தொடர், பெரிய பேச்சானது. அதற்காக ஹிதோதோ யோ பாடியது வேறெதையும் அல்ல, 1973இன் ‘தானின் நோ கான்கேய்’. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதே ஆண்டு தோக்கியோ மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒரு மனைவி வந்தாள். கணவனோடு ஏழு ஆண்டுக்கு மேல் உறவு வைத்திருந்த கின்சா மதுக்கூடப் பெண்மணிமேல் இழப்பீட்டு வழக்கு. வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் தொழிலின் பகுதியாக நடந்தது, மனைவிக்கு இழைத்த அநீதி ஆகாது என்று நீதிபதி தள்ளுபடி செய்தார். பாட்டில் இடம் கிடைக்காத ஓசான் கோர்ட்டுக்குப் போனாள். அங்கேயும் மதுக்கூடம்தான் ஜெயித்தது.

2016 ஜனவரியில், கெசு நோ கிவாமி ஓதோமே குழுவின் பாடகர் காவாதானி எனோனுக்கும் தொலைக்காட்சி நட்சத்திரம் பெக்கிக்கும் இருந்த தொடர்பை ‘ஷூகான் புன்ஷுன்’ வார இதழ், இருவரும் லைன் செயலியில் அனுப்பிக்கொண்ட செய்திகளோடு வெளியிட்டது. காவாதானி மணமானவர். சில நாள் முன்புதான் அந்தக் குழு முதன்முறையாகக் கோஹாகு மேடையில் பாடியிருந்தது. விளம்பரங்கள் அனைத்தையும் இழந்து திரையிலிருந்து மறைந்தவர் பெக்கி. அதே மாதம் வெளிவந்த குழுவின் ஆல்பம், இரு தரப்புக்கும் தண்டனை என்று பொருள்படும் ‘ரியோசெய்பாய்’, ஓரிகன் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. தலைப்பு சொன்ன நீதியை ஊர் நடைமுறையில் பின்பற்றவில்லை. ஆண்டு முழுக்க இப்படி ஒவ்வொரு பிரபலமாக அம்பலமாக, அந்தக் குழுவின் பெயரை ஒட்டிப் பிறந்த ‘கெசு ஃபுரின்’ (இழிவான கள்ளத்தொடர்பு) அவ்வாண்டின் பிரபலச் சொற்கள் பத்தில் ஒன்றானது. டிசம்பர் 31 இரவு கோஹாகுவில் சிவப்பு அணியின் கடைசிப் பாட்டைப் பாட வந்தவர் இஷிகாவா சயூரி. பாடியது ‘அமாகி-கோயெ’.